இளஞ்சிவப்பு முடிந்த இடம்

அத்தியாயம் 9

கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் தெளித்துக்கொண்டு வராதது தன் வாழ்க்கையின் மாபெரும் தவறு என்று ஷெர்வினுக்குப் பட்டது.

வைட்ஃபீல்டில் இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் முன்வாசலில் நீரூற்று, பளிங்குக் குதிரை, சல்யூட் அடிக்கும் செக்யூரிட்டி. பின்வாசலில் எஸ்.டி.பி. அத்தனை வீடுகளும் குளித்து, கழுவி, கொப்பளித்துத் துப்பியதெல்லாம் வந்து சேர்ந்து சுத்தமாகிற கூடம். நீரூற்றைப் பார்த்து வீடு வாங்குகிறவர்கள் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஷெர்வினும் பார்த்திருக்க மாட்டான். ஆனால் சம்பளம் கொடுக்கிற சீதாலட்சுமி மேடம் முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

"இவன்தான் மேடம்" என்றார் அசோசியேஷன் செக்ரட்டரி கோதண்டராமன். கூடத்துக்குள் காலை வைக்காமல், வாசலில் நின்றபடியே விரலை மட்டும் உள்ளே நீட்டினார். "அரைகுறையா சுத்தம் பண்ணின தண்ணியைப் புல்தரையில விட்டிருக்கான். இப்ப ஆஸ்பத்திரியில இருக்கிற குழந்தை அங்கதான் விளையாடும். சாயந்திரம் இன்ஸ்பெக்டர் வர்றார். கம்ப்ளெயின்ட் டைப் பண்ணி ரெடியா இருக்கு. துப்பறியும் ஏஜென்சி விசாரிச்சு உறுதி பண்ணிடுச்சுன்னு நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டா போதும்."

விரல் நீண்ட திசையில் உதயா நின்றான். எஸ்.டி.பி. ஆபரேட்டர். கோலார் தங்கவயல்காரன், தினமும் ரயிலில் வந்துபோகிறவன். பயத்தில் அவன் உதடு வறண்டு போயிருந்தது.

"நான் எதுவும் உடல சார். மோட்டர் ஓடுது, ஃபில்டர் ஓடுது, வந்து பாருங்க சார்ன்னா ஒருத்தரும் உள்ள வர மாட்டேன்றீங்க" என்றான். பிறகு சீதாலட்சுமியிடம் திரும்பினான். "ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போய்ட்டாங்கன்னா அப்பறம் எந்த அபார்ட்மென்ட்ல மேடம் என்னை உள்ள உடுவாங்க? எங்க ஊர்ல இன்னா வேலை இருக்குது?"

"என் பொண்ணு ஐசியூல இருக்காடா!"

கத்தியது ராம்கி. நோய்வாய்ப்பட்ட குழந்தையின் அப்பா. சவரம் செய்யாத முகம், சிவந்த கண்கள். நான்கு வயது மகளுக்கு வயிற்றுப்போக்கில் ஆரம்பித்த கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கிருமி அசைந்து கொடுக்கவில்லை. மனைவி தர்ஷினி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடக்கிறாள். இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஷெர்வினுக்கு மனசு கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து அழுத்தமாகக் குலுக்கினான். "தைரியமா இருங்க சார். பாப்பா நல்லாகிடும்."

எல்லோரும் வெளியே வந்தார்கள். மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த தெருநாய்கள் எழுந்தன. செக்ரட்டரியை விட்டன, மேடத்தை விட்டன, நேராக ராம்கியிடம் வந்து அவருடைய பேன்ட்டை முகர ஆரம்பித்தன. ஒன்று முழங்கால்வரை மூக்கை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை.

"எலெக்‌ஷன்ல நின்னா நாய் ஓட்டு மொத்தமும் சாருக்குத்தான்" என்றான் ஷெர்வின், மேடத்தின் காதருகே.

மேடம் சிரிக்கவில்லை. ராம்கி காலை உதறினார். "சீ, போ! எனக்கு நாய்னாலே ஆகாது."

கோதண்டராமன் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கட்டணம் குறைவு என்று இந்த ஏஜென்சியைப் பிடித்தார். துப்பறிய வருவதற்கு முன் சீதாலட்சுமி பாதி வாழ்க்கையை நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் கழித்தவர் என்பதை விசாரிக்க மறந்துவிட்டார்.

"மேடம், நான் இதுக்குள்ள தலையை விடணுமா?"

சீதாலட்சுமி டார்ச்சை நீட்டினார். அவருடைய அகராதியில் அதற்கு ஆமாம் என்று பொருள்.

கட்டடத்தின் பின்புறம் நெடுக, குளியலறைத் தண்ணீர் போகிற சேம்பர்கள் இருந்தன. ஷெர்வின் ரப்பர் கையுறையை முழங்கைவரை இழுத்து மாட்டினான். ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்து கிளம்பும்போது இஸ்திரி போட்டு அணிந்த வெள்ளைச் சட்டையை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தான். பிறகு எஸ்.டி.பி.க்குப் பக்கத்தில் இருந்த முதல் மூடியைத் தூக்கினான்.

நாற்றம் எழுந்து வந்து முகத்தில் அறைந்தது. சோப்பு நுரை, முடிக்கற்றை, காது குடைந்த பஞ்சு, யாரோ பிய்த்துப் போட்ட பிளாஸ்திரி, எல்லாவற்றுக்கும் மேலே கொழகொழவென்று ஓர் ஏடு. வீட்டுக்குள் செருப்பைக்கூட அனுமதிக்காத ஜனங்கள்தான், குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்குகிற ஜாலி ஓட்டை வழியே எதை வேண்டுமானாலும் வெளியே அனுப்புகிறார்கள். காலையில் சாப்பிட்ட இட்லி வந்த வழியே திரும்பலாமா என்று அவனுக்குள் யோசித்தது.

"என்ன தெரியுது?"

"என் எதிர்காலம், மேடம்."

"ஷெர்வின்!"

"சுவர்ல வழவழன்னு படிஞ்சிருக்கு. சளி மாதிரி. உவ்வே!"

"என்ன கலர்?"

"வெள்ளை."

"நல்லது. மூடு. அடுத்தது."

அடுத்ததும் வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. இருபதடிக்குப் பின்னால் கோதண்டராமன் மூக்கைப் பொத்தியபடி, யாரோ வேறு கிரகத்தில் வேலை செய்வதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், வெள்ளையா இருந்தா என்ன, ஊதாவா இருந்தா என்ன? எதுவா இருந்தாலும் வாந்திதானே வருது?"

"பாத்ரூம்ல பக்கெட் அடியில ரோஸ் கலர்ல வழவழப்பு வரும், பார்த்திருக்கியா?"

"எங்க வீட்ல வராது."

"வரும். உங்கம்மா தேய்ச்சுடுவாங்க, நீ பார்த்திருக்க மாட்டே. அது ஒரு பாக்டீரியா. சிவப்பா ஒரு சாயம் தயாரிக்கும். போன வாரம் நான் தனியா வந்தப்போ ஏ பிளாக் பக்கம் அதே ரோஸ். எஸ்.டி.பி. குழாய் வாயில மட்டும் வெள்ளை. ரெண்டையும் எடுத்துப் பழைய லேப்ல கொடுத்தேன். இன்னைக்குக் காலைல ரிசல்ட் வந்தது. ரெண்டும் ஒரே பாக்டீரியா."

"அப்ப ஒண்ணு மட்டும் குளிச்சிருக்கு."

"ஒண்ணுக்குள்ள மட்டும் ஒரு விருந்தாளி புகுந்திருக்கு. பிளாஸ்மிட்னு பேரு. வளையம் மாதிரி ஒரு குட்டி டி.என்.ஏ. ஒரு பாக்டீரியாகிட்டேருந்து இன்னொண்ணுக்குத் தாவும். மருந்தைத் தோற்கடிக்கிற வித்தையெல்லாம் அதுலதான் இருக்கு. ஆஸ்பத்திரி சாம்பிளையும் லேப்ல பார்த்தாங்க. குழந்தை ரத்தத்துல இருக்கிறது வேற கிருமி. ஆனா அதுக்குள்ள உட்கார்ந்திருக்கிறதும் இதே வளையம்தான்."

ஷெர்வின் மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். "சரி, மருந்தைத் தோற்கடிக்கட்டும். கலர் ஏன் போகணும்?"

"வந்த விருந்தாளி சும்மா ஓரமா உட்காராது. வீட்டுக்காரனோட ஜீன்ல எது வேலை செய்யணும், எது வாயை மூடிக்கணும்னு நாட்டாமை பண்ண ஆரம்பிக்கும். சிலதை முடுக்கும், சிலதை அடக்கும். இந்த வளையம் அடக்கினதுல ஒண்ணு, சாயம் தயாரிக்கிற ஜீன். ஜீன் அழியலை. அங்கேயேதான் இருக்கு. வேலை செய்ய விடலை, அவ்வளவுதான். லேப்ல வளையத்தை வெளியே எடுத்ததும் அதே பாக்டீரியா மறுபடி சிவப்பாயிடுச்சு."

"எங்க மாடிக்குக் குடிவந்த ஆளேதான் மேடம்! வந்த மறுநாளே எங்கம்மா பியானோ வாசிக்கக் கூடாதுன்னுட்டார். பியானோ இன்னும் ஹால்லதான் இருக்கு. மூடிக் கிடக்கு."

அன்று முதல்முறையாக சீதாலட்சுமி சிரித்தார். "அதேதான். இப்ப யோசி. தண்ணியில ஆன்டிபயாடிக் கலந்து வந்தா என்ன ஆகும்? வளையம் இல்லாத சிவப்பெல்லாம் செத்துடும். வளையம் இருக்கிற வெள்ளை மட்டும் பிழைக்கும். பேருக்குக்கூட ஒரு பொட்டு சிவப்பு இல்லாம இந்த லைன் பூரா வெள்ளையா இருக்குன்னா, யாரோ தினமும் மருந்தை இதுல ஊத்தறாங்க."

ஷெர்வின் திரும்பி எஸ்.டி.பி.யைப் பார்த்தான். அது தூரத்தில், பள்ளத்தில் இருந்தது. அவர்கள் நின்ற இடம் மேடு.

"தண்ணி மேல ஏறாது" என்றான் மெதுவாக. "உதயா இருக்கிறது கடைசியில. அவன் எதைக் கலந்தாலும் இங்க வராது. அப்ப அவன் இல்லை!"

"அவன் இல்லைன்னு சொன்னா இந்த ஊர்ல யார் கேட்பாங்க? யாருன்னு சொல்லணும். அதுவும் இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள. சிவப்பு எங்க முடிஞ்சு வெள்ளை ஆரம்பிக்குதோ, அதுதான் இடம். திற, அடுத்ததை."

அதன்பிறகு ஷெர்வின் முணுமுணுக்காமல் திறந்தான். வெள்ளை. வெள்ளை. பி பிளாக் மூலையில் இருந்த சேம்பருக்குள் டார்ச் அடித்தவன், "மேடம்!" என்று கூவினான்.

அந்தச் சேம்பருக்குள் இரண்டு குழாய்கள் வந்து சேர்ந்தன. இடது குழாயின் உதட்டில் ரோஸ் நிற வழவழப்பு, பல் தேய்க்காதவன் ஈறு மாதிரி. வலது குழாயின் உதட்டில் வெள்ளை.

"வலது குழாய் எங்க போகுது?"

"பி பிளாக் டக்ட்டுக்கு" என்றார் கோதண்டராமன் மூக்கடைத்த குரலில். "3 சீரிஸ் வீடுங்க. 103லேருந்து 503 வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணா பாத்ரூம்."

மாடிக்கு மாடி வராந்தாவில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் சுவர்களுக்கு நடுவே இருட்டு இடுக்கு, அதில் மேலிருந்து கீழே இறங்கும் குழாய், குழாயில் அடைப்பெடுக்க ஒரு திருகு மூடி. ஐந்தாவது மாடி மூடியை ஷெர்வின் திருகினான். உள்ளே ரோஸ். நான்காவது மாடியிலும் ரோஸ்.

"சளியைப் பார்த்துச் சந்தோஷப்படற நிலைமைக்கு வந்துட்டேன், கர்த்தரே!"

மூன்றாவது மாடியில் மூடியைக் கழற்றினான். உள்ளே வெள்ளை. அதன்மேல் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

எதிரே 303. கதவில் பெரிய பூட்டு.

"அது பூட்டின வீடு மேடம்" என்றார் கோதண்டராமன். "ஓனர் சியாட்டில்ல செட்டில் ஆயிட்டார். ரொம்ப நாளா யாரும் இல்லை."

"யாரும் இல்லாத வீட்டு பாத்ரூம்ல யார் குளிக்கிறாங்க?"

"சாவி ஃப்ரெண்டு யார்கிட்டயோ இருக்கும். அப்பப்ப வந்து ஜன்னலைத் திறந்து, குழாயைத் திறந்துவிட்டுப் போவாங்க. எல்லா என்.ஆர்.ஐ. வீட்லயும் அப்படித்தான். யாரு எவருன்னு நாங்க கேட்டுக்கறதில்லை. அவங்க பிரைவசி பாருங்க."

எஸ்.டி.பி. ஆபரேட்டரின் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்க்கிறவர்களின் இந்த நாகரிகம் ஷெர்வினுக்குக் குமட்டியது.

சீதாலட்சுமி பூட்டை உற்றுப் பார்த்தார். பூட்டின் உடம்பெல்லாம் துரு. சாவி நுழையும் ஓட்டை மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"உங்க வாட்ஸப் குரூப்ல ஒரு மெசேஜ் போடுங்க சார். 303 பாத்ரூம் பைப் உடைஞ்சு கீழ்வீட்டுக்கு ஒழுகுது, பிளம்பர் பூட்டை உடைக்கப் போறார்னு."

"பிளம்பர் எங்க?"

சீதாலட்சுமி ஷெர்வினைக் காட்டினார்.

"நன்றி மேடம். இந்த வேலைலதான் ப்ரமோஷன்னு ஒண்ணு கிடைக்குது" என்றான் ஷெர்வின்.

மெசேஜ் போனது. காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி மருந்துக் கழிவைக் காசுக்காக இங்கே கொட்டுகிற எவனோ ஒரு தடியன் வருவான் என்று ஷெர்வின் எதிர்பார்த்தான். லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் மாடிப்படியில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது.

"உடைக்காதீங்க! சாவி இருக்கு! சாவி என்கிட்ட இருக்கு!"

வியர்வையில் நனைந்து, மூச்சு இரைக்க வந்து நின்றார் ராம்கி.

அவருக்குப் பின்னாலேயே படியேறி வந்திருந்தது ஒரு தெருநாய். வந்ததும் மறுபடி அவர் பேன்ட்டில் மூக்கை வைத்தது. காலையில் தான் ஜோக் அடித்துத் தள்ளிவிட்டது ஒரு தடயம் என்பது ஷெர்வினுக்கு இப்போதுதான் புரிந்தது.

"நாய்னாலே ஆகாதுன்னீங்களே?" என்றார் சீதாலட்சுமி.

"நீங்க... நீங்க போங்க. நான் அப்புறமா திறந்து பார்த்துக்கறேன்."

சீதாலட்சுமி உள்ளங்கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. ராம்கியின் கண்கள் மேடத்தை விட்டு, செக்ரட்டரியை விட்டு, தரைக்குப் போயின. சாவி கைமாறியது.

கதவு திறந்ததும் வந்த நாற்றத்துக்கு முன்னால், காலையில் திறந்த அத்தனை சேம்பர்களும் ரோஜாத் தோட்டம் என்று தோன்றியது. கோதண்டராமன் வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தார். ஷெர்வின் குளியலறைக் கதவைத் தள்ளினான்.

கூண்டுகள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கூண்டுகள். உள்ளே பொசுபொசுவென்று இருந்திருக்க வேண்டிய வெளிநாட்டுப் பெண் நாய்கள், தங்கள் மலத்திலேயே ஊறிச் சடை பிடித்துக் கிடந்தன. திரும்பக்கூட இடமில்லை. வற்றித் தொங்கும் மடிகளில் கண் திறக்காத குட்டிகள். ஆட்களைப் பார்த்ததும் எல்லா நாய்களும் எழுந்து, வாயைப் பிளந்து, கழுத்து நரம்பு புடைக்கக் குரைத்தன.

சத்தமே வரவில்லை. காற்றுதான் வந்தது.

"குரல் நாணை வெட்டியிருக்காங்க" என்றார் சீதாலட்சுமி. "அக்கம்பக்கத்துல தெரியக் கூடாதுன்னு."

ஷெர்வினுக்கு வீட்டு ஹாலில் மூடிக் கிடக்கும் பியானோ ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

வாஷ்பேசினுக்குக் கீழே ஒரு டப்பா. கோழிப்பண்ணைகளுக்கு விற்கிற ஆன்டிபயாடிக் பவுடர். பக்கத்தில் அதைக் கலக்கிற பிளாஸ்டிக் குவளை, தரையைக் கழுவுகிற ஹோஸ். எல்லாம் ஓடிப்போய் விழுகிற ஜாலியைச் சுற்றி, வெள்ளையாக ஒரு வழவழப்பு.

"இப்படி அடைச்சு வெச்சா நோய் வரும். நோய் வரக் கூடாதுன்னு தினமும் தண்ணியில பவுடர். அதானே?"

ராம்கி சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். "கூர்க் எஸ்டேட் குட்டின்னு சொல்லி ஆன்லைன்ல விக்கறேன் மேடம். ஐ.டி. வேலை போயிடுச்சு. தர்ஷினிகிட்ட சொல்லலை. தினமும் ஆபீஸ் போறதா..."

"குழந்தை?"

"தர்ஷினி பாப்பாவை என்கிட்ட விட்டுட்டு ஊருக்குப் போயிருந்தப்ப, ஒரே ஒரு குட்டியை ரெண்டு நாள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாங்கறவர் வர லேட்டாச்சு. பாப்பா அதை விடவே இல்லை. தன் தட்டுலயே சோறு ஊட்டினா. அது அவ வாயை நக்கிச்சு."

"வீட்ல நாய், பூனை ஏதாவது இருந்ததான்னு டாக்டர் கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னு சொன்னேன்."

காலையில் தான் கை கொடுத்துத் தேற்றிய இந்த ஆளின் அழுகை ஷெர்வினுக்கு நினைவு வந்தது. அழுகை நிஜம்தான். அது நிஜமாக இருந்ததுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. மகளுக்காக அழுதுகொண்டே, மகளைக் காப்பாற்றக்கூடிய ஒரு வார்த்தையை இந்த மனிதர் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். போதாததற்கு இன்னொருவனை ஜெயிலுக்கு அனுப்பவும் தயாராக இருந்திருக்கிறார்.

"டாக்டருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல. டப்பா மேல இருக்கிற பேரை அப்படியே படிங்க."

ராம்கி படித்தார். மறுமுனையில் டாக்டர் தனலக்ஷ்மி, "இதை முதல் நாளே சொல்லியிருந்தா போன வாரம் கொடுத்த மருந்தைத் தொட்டிருக்கவே மாட்டேனே மிஸ்டர் ராம்கி. எத்தனை நாளை வீணாக்கிட்டீங்க! வெக்கிறேன், உடனே மாத்தணும்" என்றார். அவர் போனை வைப்பதற்குள் பின்னணியில், "டாக்டர், யாரு? அவரா? என்ன சொல்றாரு?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. ராம்கி முகத்தை மூடிக்கொண்டார்.

கோதண்டராமன் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாக அருகில் வந்தார்.

"மேடம், குழந்தைக்கு மருந்து கிடைச்சாச்சு. அதுதானே முக்கியம்? ஆனா பூட்டின ஃபிளாட்டுல நாய்ப்பண்ணைன்னு பேப்பர்ல வந்தா இங்க ரேட் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. உதயா பேர்ல கம்ப்ளெயின்ட் ஏற்கனவே ரெடியா இருக்கு. அவன் எப்படியும் காண்ட்ராக்ட் ஆள்தான். நீங்க ஒரு கையெழுத்து..."

ஷெர்வின் அவரைத் திரும்பிப் பார்த்தான். இந்தக் குளியலறையைவிட நாறுகிற இடம் ஒன்று இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

"கண்டிப்பா போடறேன் சார்" என்றார் சீதாலட்சுமி. "பேரை மட்டும் மாத்தி டைப் பண்ணிக் கொண்டுவாங்க. தெரிஞ்சே மறைக்கச் சொன்னவர்னு கீழே உங்க பேருக்கும் ஒரு வரி விட்டு வையுங்க. இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள. ஷெர்வின், நீ கீழே போய் அந்தப் பையன்கிட்ட சொல்லு. நான் இங்க காவல் இருக்கேன்."

எஸ்.டி.பி. கூடத்து வாசலில் உதயா ஒரு குழாயடியில் குந்தி உட்கார்ந்திருந்தான். ஷெர்வினைப் பார்த்ததும் எழுந்தான். கேட்கத் தைரியம் இல்லாமல் நின்றான்.

"ஆய்த்து மச்சா. நீ இல்லைன்னு ஆயிடுச்சு. ஆள் மாட்டியாச்சு. சாயந்திரம் ரயிலைப் பிடி, வீட்டுக்குப் போ."

உதயா கையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, இரண்டு முறை தலையை மட்டும் ஆட்டினான்.

ஷெர்வின் கையுறைகளைக் கழற்றித் தொட்டியில் எறிந்தான். குழாயைத் திறந்தான். அங்கிருந்த துணிசோப்பை எடுத்து வலது கையைத் தேய்த்தான். கழுவினான். மறுபடி தேய்த்தான். தோல் சிவக்கிற வரைக்கும் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"கிளவுஸ் போட்டுக்கினுதானே சார் சேம்பரெல்லாம் தொறந்தீங்க?" என்றான் உதயா. "வெறுங்கையால எத சார் தொட்டீங்க?"

"காலையில ஒருத்தருக்குக் கை குடுத்தேன்" என்றான் ஷெர்வின், சோப்பைக் கீழே வைக்காமல்.